உப்பு போடாத சோதனை

சோதனைப் பிரிவில் புதிதாகச் சேருகிறவர்களிடம் நான் முதல் நாளே ஒரு கேள்வி கேட்பேன். இட்லி மாவுக்கு உங்கள் வீட்டில் உப்பை எப்போது போடுவார்கள்? பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேர், அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் மேடம் என்பார்கள். பொறியியல் படித்துவிட்டு வந்தவர்களிடம் கேட்கிற கேள்வியா இது என்பது எல்லார் முகத்திலும் எழுதி ஒட்டியிருக்கும். இப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன், அங்கே நின்று அதைக் கேட்க ஆள் இல்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

சேலத்தில் வெட் கிரைண்டரும் மிக்சியும் செய்கிற ஒரு நடுத்தரக் கம்பெனியில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தேன். அசெம்ப்ளி வரிசையில் ஸ்க்ரூ முடுக்கச் சேர்ந்தவள் சோதனைப் பிரிவின் தலைமைப் பொறுப்போடு வெளியே வந்தேன். என் கையெழுத்து இல்லாமல் ஒரு புது மாடலும் கோடவுனைத் தாண்டாது. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். தன்னடக்கம் உனக்கு ஒத்துவராது, முயற்சி பண்ணாதே என்று என் வீட்டுக்காரரே சொல்லியிருக்கிறார்.

டச் கிரைண்டர் வந்த கதைக்கு வருகிறேன். எல்லார் கையிலும் தொடுதிரைப் போன் வந்துவிட்ட காலம். கடைக்கு வருகிறவர்கள் பட்டன் வைத்த கிரைண்டரைப் பார்த்து, இது பழைய மாடலா என்று கேட்கிறார்களாம். டீலர்கள் எல்லோரும் டச் கொடுங்கள், டச் கொடுங்கள் என்று முதலாளியைப் பிடுங்கினார்கள். அதை எதிர்த்தவள் நான் என்று நினைத்துவிடாதீர்கள். கம்பெனியிலேயே முதல் ஆளாகக் கை தட்டியவள் நான்தான். பட்டன் இடுக்கில் மாவு போய்க் காய்ந்து, புளித்து நாறி, ஹேர்பின்னால் குடைந்து குடைந்து பட்டனையே பிடுங்கிக்கொண்டு சர்வீஸுக்கு வருகிற கிரைண்டர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்திருந்தது. கண்ணாடி என்றால் ஈரத்துணியால் ஒரு இழுப்பு, முடிந்தது வேலை.

அந்த மாடலில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. நடுவில் நிறுத்திவிட்டு மறுபடி ஓட்ட, ஒரு தொடல் போதும். வேகம், நேரம் எதையும் மறுபடி வைக்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து ஓடும். இது பெண்கள் நினைத்துச் செய்த வசதி என்று நானே கூட்டத்தில் பேசினேன்.

சோதனை முறையை எழுதியதும் நான்தான். ஈரக் கை, கண்ணாடியில் தண்ணீர்த் துளி, கண்ணாடியில் மாவு என்று ஒன்று விடவில்லை. எல்லாவற்றிலும் தேறியது. பிறகு பத்து வீடுகளுக்குப் பழகிப் பார்க்கக் கொடுத்தோம். ஒன்பது வீடு கம்பெனி ஆட்களின் வீடும் சொந்தக்காரர்கள் வீடும். பத்தாவது, சங்ககிரியில் பாவாயி அக்கா. லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறைகளுக்குப் பின்னால் வீட்டிலேயே சின்னதாக மெஸ் நடத்துகிறவர். லாரிக்காரர்களுக்குக் காலை இட்லி, அதற்காகத் தினமும் மூன்று முறை மாவு. அந்த வீட்டில் தாக்குப்பிடித்தால் எங்கேயும் தாக்குப்பிடிக்கும் என்று எங்கள் சர்வீஸ்காரர் சொன்னதால் அங்கே ஒன்று போயிற்று.

தீபாவளிக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, டச் மாடலை வெளியிட டீலர் கூட்டம் வைத்திருந்தார்கள். கோடவுனில் டச் கிரைண்டர் பெட்டிகள் கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றன. அந்த வாரம் திங்கட்கிழமை காலை சர்வீஸ்காரர் போன் செய்தார். பாவாயி அக்கா கிரைண்டரை நிறுத்திவிட்டு உள்ளே கையை விட்டு மாவைக் கரைத்துக்கொண்டிருந்தபோது அது ஓட ஆரம்பித்து, உருளைக்கல்லுக்கும் டிரம்முக்கும் நடுவே இரண்டு விரல் மாட்டிக்கொண்டதாம். வெடுக்கென்று இழுத்ததால் எலும்பு தப்பியது, நகம் இரண்டும் கறுத்துவிட்டன. தெரியாமல் கை பட்டிருக்கும் மேடம், டச் ஆயிற்றே என்றார் சர்வீஸ்காரர். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பதிவேட்டில் காரணம் என்ற இடத்தில், பயன்படுத்துபவர் கை தவறுதலாகப் பட்டது என்று எழுதினேன். எழுத அரை நிமிடம்கூட ஆகவில்லை.

மத்தியானம் பாவாயி அக்காவே கூப்பிட்டார். சர்வீஸ்காரர் வாயை விட்டிருக்கிறார்.

"ஏனுங்க அம்மிணி, எம்பட கை பட்டுதுன்னு எழுதியிருக்கறீங்களாமா?"

தெரியாமல் பட்டிருக்கும் அக்கா, யாருக்கும் நடப்பதுதான் என்று ஆறுதல் சொல்லப் பார்த்தேன்.

"தெரிஞ்சும் படலீங்க, தெரியாமலும் படலீங்க. ஒரு கை மாவுல இருக்குது. இன்னொரு கையில மூடியப் புடிச்சிருக்கறேன். மூணாவது கை எனக்கு ஏதுங்க? எழுதினத அழிச்சிருங்க."

நாளைக்கு நேரில் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் சங்ககிரிக்குப் போனேன். எங்கள் கிரைண்டர் பெட்டிக்குள் போய், கயிறு கட்டி, வாசலோரம் உட்கார்ந்திருந்தது. பழைய பட்டன் கிரைண்டரை மறுபடி மேடைக்கு ஏற்றியிருந்தார். விரல்களில் துணி சுற்றியிருந்தது. காபி கொடுத்தார், ஆனால் முகம் கொடுக்கவில்லை. நடந்ததைச் சொல்லச் சொன்னேன். "அரைச்சனுங்க, நிறுத்துனனுங்க, மூடிய எடுத்தனுங்க, கையுட்டுக் கரைச்சனுங்க, ஓடிருச்சுங்க" என்றார். மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் அதே ஐந்து வாக்கியம். முழங்கை பட்டதா, முந்தானை பட்டதா, வளையல் பட்டதா, மேலேயிருந்து பல்லி ஏதாவது விழுந்ததா என்று வக்கீல் மாதிரி குடைந்தேன். "பல்லியும் கேட்டுப்போட்டீங்க, இனிப் பூனை ஒண்ணுதானுங்க பாக்கி" என்றார்.

விரல் வலி அவருக்குப் பெரிதாக இல்லை. பதினெட்டு வருடமாக மாவரைக்கிறவள் கையை வைக்கத் தெரியாமல் வைத்துவிட்டாள் என்று அந்தத் தெருவே பேசுகிறதாம். சாப்பிட வருகிற டிரைவர்கள்கூட, பார்த்து, அக்கா என்று சிரிக்கிறார்களாம். அந்தச் சிரிப்புக்கு எங்கள் பதிவேடும் சாட்சி சொல்கிறது என்பதுதான் அவர் கோபம். அது நியாயமான கோபம். என் தொழிலில் நான் கவனம் இல்லாதவள் என்று யாராவது எழுதி வைத்தால் நான் போன் செய்து மரியாதையாகவெல்லாம் பேசிக்கொண்டிருக்க மாட்டேன்.

என் கண்ணால் பார்க்காமல் எழுதியதை அழிக்க முடியாது அக்கா, ஆனால் காரணம் தெரியும்வரை அந்த மாடலுக்குக் கையெழுத்தும் போட மாட்டேன் என்றேன். எத்தனை நாளைக்கு என்று கேட்டார். வெள்ளிக்கிழமைக்குள் தெரிந்துவிடும் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

புதனும் வியாழனும் சோதனை அறையை விட்டு நகரவில்லை. கிரைண்டரை ஓட்டுவேன், நிறுத்துவேன், கண்ணாடியின் மேல் மாவை ஒரு சொட்டு விடுவேன், ஒரு கரண்டி விடுவேன், கையால் தெளிப்பேன். அது கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. டச் பேனல் செய்து கொடுத்த கம்பெனியிலிருந்து ஓர் எஞ்சினியர் வந்திருந்தார். நல்ல பையன், வாயைத் திறக்கவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகப் பக்கத்தில் நின்றார். அவர் ஏதாவது கிண்டல் செய்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வியாழன் சாயங்காலம் முதலாளி கூப்பிட்டார். தறிக் குடும்பத்தில் பிறந்து, சொந்தமாக மோட்டார் சுற்றக் கற்றுக்கொண்டு கம்பெனியை எழுப்பியவர். மோசமான மனிதர் இல்லை. ஒன்பது வீட்டில் ஒழுங்காக ஓடுகிறது, ஒரு வீட்டில் ஏதோ நடந்துவிட்டது, அதற்காக இத்தனை பெட்டியையும் கட்டி வைப்பதா என்று கேட்டார். நீங்கள்தானே டச் வேண்டுமென்று முதலில் கை தட்டினீர்கள் என்றும் கேட்டார். உண்மைதான்.

"அந்த அம்மாவுக்கு மூணாவது கை இல்லைங்க சார்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை, விளக்க எனக்கும் தெம்பில்லை. நாளை நான்கு மணிக்குள் கையெழுத்துப் போடுங்கள், முடியாவிட்டால் உற்பத்தி மேனேஜர் போடட்டும் என்று முடித்துவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். சோதனைப் பிரிவின் கையெழுத்து இல்லாமல் ஒரு தடவை சரக்கு வெளியே போய்விட்டால், அப்புறம் சோதனைப் பிரிவு எதற்கு? அன்றைக்கு என் கையில் ஓர் ஆதாரமும் இல்லை. ஒரு பெண் மூன்று தடவை மாறாமல் சொன்ன ஐந்து வாக்கியம் மட்டும் இருந்தது. பிசகு செய்துவிட்டு மறைப்பவர்கள் ஒவ்வொரு தடவையும் கதையில் கொஞ்சம் சேர்ப்பார்கள், கொஞ்சம் குறைப்பார்கள். இவர் அசையவே இல்லை. நானும் அசையக் கூடாது என்று முடிவு செய்தேன்.

வெள்ளி மத்தியானம் சாப்பிடப் பிடிக்காவிட்டாலும் கேன்டீனுக்குப் போனேன். எங்கள் சோதனை அறையில் அரைக்கிற மாவு வீணாகாது, அப்படியே கேன்டீனுக்குப் போகும். மறுநாள் எல்லாருக்கும் அதுதான் இட்லி. காலையில் நான் அரைத்த மாவு ஒரு பெரிய குண்டாவில் இருந்தது. கேன்டீன் மாஸ்டர் ஜாடிக்குள் கையை விட்டு ஒரு பிடி கல்லுப்பை அள்ளி, அதில் போட்டுக் கரைக்க ஆரம்பித்தார்.

அவர் அப்படிக் கரைப்பதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கண்ணில் பட்டது.

பல வருடங்களுக்கு முன்னால் அதே மாஸ்டர் என்னிடம் வந்து, மேடம், மாவுல நீங்க உப்பு மட்டும் போட்டுறாதீங்க, அளவு எனக்குத்தான் தெரியும் என்று கேட்டுக்கொண்டார். சரி என்றேன். அன்றிலிருந்து எங்கள் சோதனை மாவில் உப்பே கிடையாது. சோதனை முறையை நான் எழுதியபோதும் அரிசி எவ்வளவு, உளுந்து எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று எழுதினேனே தவிர உப்பை எழுதவில்லை. தினமும் வீட்டில் மாவுக்கு உப்புப் போடுகிறவள் எழுதிய சோதனை இது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

கேன்டீனில் நின்றபடியே சங்ககிரிக்குப் போன் போட்டேன். கரைக்கும்போது உப்புப் போட்டீர்களா அக்கா என்று கேட்டேன்.

"உப்புப் போடாம எதுக்குங்க கரைக்கறது?" என்றார் பாவாயி அக்கா. இவளுக்கு என்ன ஆயிற்று என்கிற குரல்.

அடுத்து அந்த ஒன்பது வீடுகளையும் கூப்பிட்டேன். ஒன்பதிலும் ஒரே பதில். மாவைப் பாத்திரத்துக்கு வழித்த பிறகுதான் உப்பு. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். மூன்று முறை அரைக்கிற பாவாயி அக்கா மட்டும், எல்லா மாவிலும் உப்பு ஒரே சீராக ஏறட்டும் என்று டிரம்முக்குள்ளேயே போட்டுக் கரைக்கிறார். வெறும் மாவைக் கண்ணாடி, தண்ணீர் என்று நினைத்துக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும், அதற்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். உப்பு சேர்ந்த மாவு மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். கரைக்கும்போது அது ஒரு சொட்டு தெறித்து விழுந்தால், கண்ணாடிக்கு அதுவும் ஒரு விரல்தான்.

இதெல்லாம் யூகம். செய்து பார்க்க நேரமில்லை, மணி மூன்றரை தாண்டிவிட்டது. உப்புப் போட்ட மாவை ஒரு வாளியில் எடுத்துக்கொண்டேன். சாம்பாருக்கு நறுக்கி வைத்திருந்த முருங்கைக்காயில் ஒன்றையும் எடுத்துக்கொண்டேன். கிரைண்டரைத் தள்ளுவண்டியில் வைத்து நேராக முதலாளி அறைக்குப் போனேன். எஞ்சினியர் பின்னாலேயே வந்தார். முதலாளி பேனாவைத் திறந்து தயாராக மேஜையில் வைத்திருந்தார்.

மாவை ஊற்றி ஓட்டி, நிறுத்தினேன். மூடியை எடுத்தேன். என் விரல் இருக்க வேண்டிய இடத்தில், உருளைக்கல்லுக்குப் பக்கத்தில் முருங்கைக்காயைச் செருகினேன். கையை மாவில் நனைத்துக் கண்ணாடிக்கு மேலே நீட்டினேன். ஒரு சொட்டு விழுந்தது. ஒன்றும் நடக்கவில்லை. முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டாவது சொட்டு விழுந்து முதல் சொட்டோடு சேர்ந்து வழிந்தது. டிங் என்று ஒரு சத்தம். டிரம் சுற்றியது. முருங்கைக்காய் படீரென்று உடைந்து, ஒரு துண்டு முதலாளியின் வெள்ளைச் சட்டையில் போய் விழுந்தது.

இன்னொரு தடவை செய்யுங்கள் என்றார் முதலாளி. செய்தேன், ஓடியது. மூன்றாவது தடவை அவரே கையை நனைத்துச் சொட்டு விட்டார், அப்போதும் ஓடியது. பிறகு எஞ்சினியரிடம் திரும்பி, இதைச் சரிபண்ண முடியுமா என்று கேட்டார்.

அந்தப் பையனை நான் மதிப்பது அவர் சொன்ன பதிலுக்காக. "கொறைக்கலாம் சார். வரவே வராதுன்னு என்னால எழுதிக் கொடுக்க முடியாது."

முதலாளி சட்டையில் இருந்த மாவைத் துடைக்கவில்லை. பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் டீலர் கூட்டத்தில் அவரே எழுந்து, டச் மாடல் இப்போது வராது, கை உள்ளே போகிற மிஷினுக்குப் பட்டன்தான் என்று சொன்னார். சில பேர் சிரித்தார்கள். பக்கத்து ஊர்க் கம்பெனிக்காரன் டச் விட்டுவிடுவான் சார் என்று ஒருவர் எச்சரித்தார். விடட்டும் என்று உட்கார்ந்துவிட்டார். கூரை உயரப் பெட்டிகளை அடுக்கி வைத்துக்கொண்டு ஒரு மனிதர் அப்படிச் சொல்வதை நான் கண்ணால் பார்த்தேன். அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தேன் என்று சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிரும்.

அன்று சாயங்காலமே பதிவேட்டை எடுத்தேன். பழைய வரியைச் சிவப்பு மையால் அடித்தேன். பக்கத்தில், கிரைண்டரின் தவறு, சோதனை முறையின் தவறு, முறையை எழுதியது நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இதைப் படித்துவிட்டு, டச் என்றாலே வேண்டாம் என்று நான் சொல்வதாகக் கிளப்பிவிடாதீர்கள். ஃப்ரிட்ஜ் கதவில் வையுங்கள், ஃபேனுக்கு வையுங்கள், அழகாக இருக்கட்டும். கை உள்ளே போகிற பொருள் என்றால் மட்டும், ஓட்டுகிற இடமும் நிறுத்துகிற இடமும் கண்ணை மூடிக்கொண்டாலும் விரலுக்குத் தெரிய வேண்டும், வேண்டுமென்றே அழுத்தினால்தான் அமுங்க வேண்டும். அடுத்தது, வீடுகளில் போய்க் கேட்கும்போது அவர்கள் சொல்வதை மட்டும் எழுதிக்கொண்டு வராதீர்கள். பக்கத்தில் நின்று பாருங்கள். உப்பைப் போட்டேன் என்று யாரும் தனியாகச் சொல்ல மாட்டார்கள்.

புது பட்டன் மாடல் தயாராகச் சில மாதம் ஆயிற்று. மாவு இடுக்கில் போகாதபடி ஒரே ரப்பர் உறைக்குள் இரண்டு பட்டன், அழுத்தினால் டக்கென்று கேட்கும். உப்பு மாவைக் கொட்டி, குழைத்து, காயவைத்து, எத்தனை விதமாகச் சோதித்தேன் என்று எனக்கே நினைவில்லை. முதல் பெட்டியை நானே சங்ககிரிக்குக் கொண்டுபோனேன். பதிவேட்டுப் பக்கத்தின் நகலும் பையில் இருந்தது. பாவாயி அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார், படித்தேன். நகலை வாங்கி மடித்து, சாமி படத்துக்குப் பின்னால் செருகிக்கொண்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு டிரைவர்களும் கேட்கட்டும் என்றுதான் இரண்டாவது தடவை படிக்கச் சொன்னார் என்று எனக்குப் புரிந்தது.

பிறகு கிரைண்டரை மேடையில் வைத்து மாவை அரைத்தார். டக்கென்று நிறுத்தினார். மூடியை எடுத்தார். உப்பைப் போட்டார். கையை மட்டும் உள்ளே விடவில்லை.

"மொதல்ல நீங்க கைய உடுங்க அம்மிணி" என்றார்.

வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, முழங்கை வரை கழுவிக்கொண்டு, டிரம்முக்குள் கையை விட்டேன். உருளைக்கல் என் விரலில் இடித்தது. பாவாயி அக்கா கையை மாவில் நனைத்து, பட்டன் மேல் சொட்டுச் சொட்டாக விட்டார். போதாதென்று ஒரு கரண்டி மாவை அப்படியே ஊற்றினார். டிரைவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் கரைத்துக்கொண்டே இருந்தேன். கிரைண்டர் அசையவில்லை.

"போதுங்க, எடுத்துக்குங்க" என்றார் கடைசியில். முதல் தடவையாக முகத்தில் சிரிப்பு வந்தது. "மிஷின் நல்லாத்தான் இருக்குது. உங்க கை எப்புடீன்னு மாவு பொங்கறதுலதானுங்க தெரியும்."

மறுநாள் விடிந்ததும் போன் வந்தது. நான் ஹலோ சொல்வதற்குள் அவரே சொன்னார்.

"பொங்கிருச்சுங்க அம்மிணி."